ஒரு பிடி தவிடும் இரண்டெழுத்தும்

ஜூன் 4, வியாழன்

நேற்றுப் பிற்பகல் பெண் பிறந்திருக்கிறாள். ஏழு மாதம் இன்னும் நிறையவில்லை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பகவதி இரண்டாம் மாடியில் தாய்மார் வார்டில், பிள்ளை மூன்றாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள், நான் இரண்டுக்கும் நடுவே மாடிப்படியில். மின்வாரியத்தில் லீவு சொல்லியாயிற்று. வாரப் பத்திரிகைக்கு அனுப்பும் குறுக்கெழுத்துப் போட்டியையும் இந்த மாதம் வேறு யாரையாவது போடச் சொல்லிவிட்டேன். வருடக்கணக்காகக் கட்டம் போட்ட கை சும்மா இருக்காது. அதற்குத்தான் இந்த டைரி.

பிள்ளையின் காலில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். 'பேபி ஆஃப் பகவதி' என்று எழுதியிருக்கிறது. அங்கே உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், அம்மா பெயர் மட்டும். தாணுலிங்கம் என்று தகப்பன் ஒருவன் இதில் சம்பந்தப்பட்டதற்கு அத்தாட்சியே கிடையாது.

மயக்கம் தெளிந்ததும் பகவதி பேசிய முதல் பேச்சு இது:

"பேரு ஒண்ணும் நெனச்சு வைக்காதீங்க. வீட்டுக்குக் கொண்டு போற வரைக்கும் வாயில வரக் கூடாது, கேட்டியளா?"

"நான் ஒண்ணும் நெனைக்கலியே."

"உங்களை எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அவள் பயத்துக்குக் காரணமும் உண்டு. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போயிற்று. அடுத்தது பெண், மூன்று நாள் இருந்தாள். அவளுக்கு வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்து, தினமும் கூப்பிட்டு, தொட்டில் துணியில் நூல் போட்டுத் தைத்தும் வைத்தோம். கடைசியில் அவளை என் கையில்தான் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது பகவதியின் கட்சி. யாரிடம் காட்டிக்கொடுத்தோம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வாயால் சொல்லக் கூடாது என்றாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே.

அரி.

இரண்டே எழுத்து. குறுக்கெழுத்துக்காரனுக்கு இதைவிட லாபமான சொல் அமையாது. பழைய நிகண்டுகளைப் புரட்டினால் இந்த இரண்டெழுத்துக்குள் ஒரு காடே இருக்கிறது: சிங்கம், குரங்கு, கிளி, தவளை, வண்டு. கண்ணின் வெள்ளையில் ஓடும் சிவப்பு வரியும் அரி, சிலம்புக்குள் போடுகிற பரலும் அரி. எந்த மூலையில் கட்டம் மிச்சம் இருந்தாலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும்.

எழுதினேன், அவ்வளவுதான். சொல்லவில்லை.

ஜூன் 5, வெள்ளி

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கை கழுவ அங்கே வைத்திருக்கிற மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கெல்லாம் ஒரே அரிப்பு.

ஜூன் 7, ஞாயிறு

பகவதிக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறதாம். அது குணமாகும்வரை பிள்ளை இருக்கும் அறைக்குள் அவளை விட மாட்டார்கள். பால் மட்டும் எடுத்துக் கொடுத்தனுப்புகிறாள், அதுவும் கொஞ்சம்தான் வருகிறது.

உள்ளே ஷைனி சிஸ்டர் என்று ஒரு நர்ஸ். களியக்காவிளைப் பக்கம், வீட்டில் மலையாளம் பேசுகிறவர். தமிழும் மலையாளமுமாகக் கலந்து ஒரு பேச்சு, இரண்டிலும் அதட்டல் ஒன்றுதான். இன்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, அம்மைக்கு வர முடியாது. நீங்க வாங்க. சட்டையைக் கழத்திட்டு பிள்ளையை நெஞ்சில போட்டுக்கணும். கங்காரு மாதிரி. மிஷின் சூட்டை விட ஆள் சூடு நல்லது."

"எனக்கு ஜலதோஷம் சிஸ்டர்."

"ஜலதோஷமா? மூக்கைக் காணிக்கு."

நான் மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பிலோமி. கடற்கரை ஊர்க்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். அவளுடைய பையன் எங்கள் பிள்ளைக்கு அடுத்த பெட்டியில் இருக்கிறான். புருஷன் ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான், பிள்ளை பிறந்ததே அவனுக்கு இன்னும் தெரியாதாம். அவள் உள்ளே போய் மகனை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். வெளியே வரும்போது சேலையெல்லாம் பால் வாசனை.

"ஒங்களுக்க மகளும் கெடக்கா அண்ணே, பக்கத்துலயே. தாளம் போடுகது மாதிரி காலை ஆட்டுகா," என்று சேதி கொண்டுவருவாள். எனக்கு அது போதும் என்று இருக்கிறது.

மதியம் போனில் தேடிக்கொண்டிருந்தேன். எபிரேய மொழியில் அரி என்றால் சிங்கமாம். ஐஸ்லாந்தில் ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர், அர்த்தம் கழுகு. எவ்வளவு பெரிய ஆட்கள். பெட்டிக்குள் இருப்பவளின் உள்ளங்கை என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சமஸ்கிருதத்தில் அரி என்றால் பகைவன், ஹரி என்றால் திருமால். தமிழுக்கு வரும்போது ஹகரம் உதிர்ந்துவிட்டதால் கடவுளும் பகைவனும் ஒரே சட்டையில் நிற்கிறார்கள். இதை நான் தேடாமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நின்றது. நான் என் கண்தான் தவறிவிட்டது என்று நினைத்தேன். மிஷின் கத்தியது. பிள்ளையின் வாயைச் சுற்றி நீலம் பரவியது. ஷைனி சிஸ்டர் அவசரமே படாமல் வந்து, பெட்டிக்குள் கையை விட்டு, உள்ளங்காலில் விரலால் சுண்டினார். இரண்டு முறை, மூன்று முறை. நெஞ்சு மறுபடி ஏறியது.

சிஸ்டர் வெளியே வந்து சொன்னார்:

"குறை மாசத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு. மூச்சு விடணும்னு ஓர்மை வராது. மறந்து போகும். நம்ம தொட்டு ஓர்மப்படுத்தணும். நெஞ்சில கிடந்தா மறக்கிறது கொறையும். ஜலதோஷம் மாறிச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

கீழே வந்து பகவதியிடம் மறைக்கத்தான் பார்த்தேன். என் முகம் எதையும் மறைக்கிற முகம் இல்லை. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தவிட்டுக்குக் குடுத்திருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மில் யாரும் அதைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டோம். சோறு தின்னாமல் அடம் பிடித்தால், 'உன்னைத் தவிடு கொடுத்துத்தானே வாங்கினோம்' என்பார்கள். கேலிக்குச் சொல்கிற அந்தப் பேச்சு ஒரு காலத்தில் கேலி இல்லை. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை அடுத்தவளுக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அது அவள் பிள்ளை என்று ஆகிவிடும். பழைய வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறவன் ஏமாந்து போவான். பெயர் வைப்பதும் வாங்கினவள்தான். ஆபத்து தாண்டியதும் அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பெற்றவள் 'என் பிள்ளை' என்று வாயெடுத்துச் சொல்லக் கூடாது.

"நீ கெமிஸ்ட்ரி டீச்சர், பகவதி."

"அது பள்ளிக்கூடத்துல. அங்க நான் என்ன சொன்னாலும் சோதனைக் குழாய் கேக்கும். இங்க யாரு கேக்கா?"

"ஆஸ்பத்திரில மருந்து குடுக்காங்க. அதை நம்பு."

"மருந்தையும் நம்புகேன். போன தடவையும் நம்பத்தான செஞ்சேன்." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "அந்தப் பட்டையில எனக்க பேரு போட்டிருக்குல்லா. தேடி வாறவனுக்கு விலாசம் எழுதி ஒட்டி வச்ச மாதிரி."

பட்டையை மாற்ற முடியுமா என்று மேலே போய்க் கேட்டுத் தொலைத்தேன். ஷைனி சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மலையாளத்திலும் தமிழிலும் ஒரே அர்த்தம்தான்.

ஜூன் 11, வியாழன்

விற்றாகிவிட்டது.

வாங்கினவள் பிலோமி. கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேற்று மதத்துக்காரி, என்ன நினைப்பாளோ என்று இழுத்தேன். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"இதுக்கு எதுக்கண்ணே இந்த முக்கு முக்குதிய. நாங்க பிள்ளையை அந்தோணியாருக்கு அடிமை வச்சு, பொறவு மீட்டு எடுக்கதில்லையா. எல்லாம் ஒண்ணுதான். எனக்குப் பையன் இருக்கான், ஒரு பெண்ணும் ஆச்சு."

அவளே அவள் தம்பியை விட்டுத் தவிடு வாங்கி வரச் சொல்லி, காகிதத்தில் பொதிந்து, பகவதியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பிள்ளையைத் தாறியளா?"

"தாறேன்."

"என்ன வெலை?"

"ஒரு பிடி தவிடு." பகவதியின் உதடு காய்ச்சலில் வெடித்திருந்தது. பொதியை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான் சடங்கு. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு எதில் சிரிக்கக் கூடாது என்று தெரியும்.

பிலோமி என்னைப் பார்த்தாள். "பேரு நீங்க எதாவது நெனச்சிருப்பியளே."

நான் பகவதியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல," என்றேன்.

"அப்பம் எனக்க இஷ்டம்தான். தவிடுன்னே கூப்பிடுகேன். யாரு வந்து கேட்டாலும், தவிடுதான் இருக்கு, வேணுமான்னு கேப்பேன்." அவள் சிரித்தாள். பகவதிகூடக் கொஞ்சம் சிரித்தாள், காய்ச்சலோடு.

மாலையில் மேலே போனபோது, யார் சொன்னார்களோ, ஷைனி சிஸ்டருக்கும் தெரிந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். "மனசுக்கு ஆறுதல்னா செய்யட்டும், மருந்து நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்," என்றார். பேச்சுவாக்கில், உங்கள் பாஷையில் அரி என்றால் என்ன என்று கேட்டேன். "அரியா? நம்ம அரிசி. வேக வைக்கிறது. எதுக்கு கேட்டீங்க?" ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். தவிடு என்பது அரிசியின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற தோல்தான். பிலோமிக்குத் தெரியாது, அவள் என் சொல்லின்மேல் ஒரு போர்வை போட்டிருக்கிறாள். இப்படி யோசித்தது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பகவதியைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை.

ஜூன் 13, சனி

துருக்கியில் அரி என்றால் தேனீ. கடைசி எழுத்தை வாயை விரிக்காமல் சொல்வார்களாம், நம் குற்றியலுகரம் மாதிரி. ஜப்பானில் எறும்பு. அதே ஜப்பானில், பழைய எழுத்து நடையில், அரி என்றால் 'இருக்கிறது'.

இருக்கிறது என்பதை நான் பலமுறை படித்தேன்.

பகவதி இப்போது 'அந்தப் பிள்ளை' என்கிறாள். "அந்தப் பிள்ளைக்குப் பால் குடுத்தாங்களா? அந்தப் பிள்ளைக்கு மூச்சு எப்படி?" பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறாள். கை மட்டும் போர்வையை முறுக்கிக்கொண்டிருக்கிறது.

பிள்ளையின் எடை ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது. ஷைனி சிஸ்டர் இன்று அதட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, உள்ளே வாங்க."

"கையெல்லாம் அரிப்பு சிஸ்டர். பாருங்க, தோல் உரியுது. பிள்ளைக்கு எதாவது ஒட்டிக்கிட்டா?"

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்துதான் இருந்தது. நானே சொறிந்ததில் உரிந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இத்தனை ஜனங்கள் இங்கே வருது. பேடி இல்லாத ஒரு தகப்பனை நான் கண்டதில்ல," என்று மட்டும் சொன்னார்.

எனக்கு பயம் என்று நான் சொல்லவே இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

ஆர்மேனிய மொழியில் அரி என்றால் 'வா'.

ஜூன் 16, செவ்வாய்

பிலோமியின் பையன் இறந்துபோனான்.

நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை. காலையில் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள், மத்தியானத்துக்குள் முடிந்தது. அவள் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "அவனுக்க அப்பன் பாக்கலியே, அவனுக்க அப்பன் பாக்கலியே," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். அவள் சேலை முன்பக்கம் முழுக்கப் பாலில் நனைந்து கிடந்தது. நான் அவள் பக்கத்தில் நின்றேன், ஒரு வார்த்தைகூட வரவில்லை. உலகத்து மொழியெல்லாம் போனில் வைத்திருக்கிறவன்.

ஆட்டோ போன பிறகும் நெடுநேரம் கீழேயே நின்றிருந்தேன்.

ஜூன் 17, புதன்

பகவதியிடம் நேற்றே சொல்ல வேண்டியதாயிற்று. வார்டில் செய்தி என்னைவிட வேகமாக வந்திருந்தது. பிலோமிக்காக அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"இப்பம் அந்தப் பிள்ளை அவளுக்க பிள்ளை," என்றாள்.

"பேச்சுக்குத்தானே."

"பேச்சுக்கா? நான் வித்தேன், அவ வாங்கினா. சாட்சிக்கு வார்டே இருக்கு. கைக்குழந்தை போன வீடு, மடி காலியா கெடக்கு, மாரு நெறஞ்சு கெடக்கு. இது எனக்குள்ளதுன்னு வந்து நின்னா என்ன சொல்லுவிய?"

"சட்டப்படி..."

"சட்டத்தைக் கொண்டு அடுப்புல வைங்க. அவ மூஞ்சியைப் பாத்து உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது. அவளிடம் போய், 'மகனைப் புதைத்துவிட்டாய், எங்கள் மகளைத் திருப்பிக் கொடு' என்று எந்த நாக்கு கேட்கும். எனக்கும் அந்த பயம்தான் ராத்திரி முழுக்க இருந்தது. சடங்கை நம்பாதவனுக்கு எதற்கு இந்த பயம்.

இன்று எங்கள் பிள்ளை இரண்டு முறை மூச்சை மறந்தாள். இரண்டாவது முறை சுண்டியது போதவில்லை, முகத்தில் மூடியை வைத்துப் பையை அமுக்கிக் காற்று செலுத்தினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, மருந்தை மாற்றியிருக்கிறோம், இதற்கும் கிருமி இருக்கலாம், பார்ப்போம் என்றார். 'பார்ப்போம்' என்ற சொல் எல்லா மொழியிலும் இருக்கும். எதிலும் அதற்கு அர்த்தம் இருக்காது.

எங்கள் பிள்ளை என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தவில்லை.

ஜூன் 19, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் வராந்தாவில் பிலோமி நின்றாள். கூடவே தம்பி. தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. என்ன பேச வேண்டும் என்று மனதில் சேர்த்து வைத்ததெல்லாம் அவளைக் கண்டதும் போய்விட்டது. அவள்தான் பேசினாள்.

"அண்ணே, தவிடு எங்க?"

"என்ன தவிடு?"

"பிள்ளையைத் திரிச்சு வாங்க வேண்டாமா? சட்டுனு வாங்குங்க. எனக்க பேர்ல இனி ஒரு நேரம் இருக்கக் கூடாது. எனக்க வீட்டுக்கு வழி தெரிஞ்சு போச்சு அதுக்கு."

நாங்கள் எங்கள் பிள்ளையை அவள் பிடுங்கிக்கொள்வாள் என்று பயந்தோம். அவளோ தன்னிடமிருந்து அதைக் காப்பாற்ற, மகனைப் புதைத்த கையோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எனக்கு அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது.

கீழே ஓடிப் பகவதியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையணைப் பக்கம் இருந்த பொதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பொத்தினாள்.

"நான் வாங்க மாட்டேன்."

"பகவதி..."

"அவளுக்க வீட்டுக்கு ஒரு தடவை வந்திருக்கு. எனக்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்கு. நான் எப்படி வாங்குவேன்? நான் எனக்க பிள்ளைன்னு சொன்ன அன்னைக்கெல்லாம்..." சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலே ஒருத்தி வைத்திருக்க மாட்டேன் என்கிறாள். கீழே ஒருத்தி வாங்க மாட்டேன் என்கிறாள். இருவருக்கும் அந்தப் பிள்ளைமேல் உயிர், அதனால்தான் மாட்டேன் என்கிறார்கள். நடுவில் மாடிப்படியில் நான் நிற்கிறேன். மேலே கண்ணாடிக்குள் ஒரு பிள்ளை, பெயர் இல்லாமல், சொந்தம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல், மூச்சை மறந்து மறந்து கிடக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மாட்டுத் தீவனக் கடை இருக்கிறது. போனேன்.

"தவிடு வேணும்."

"எத்தனை மாடு?"

"மாடு இல்ல. ஒரு பிடி போதும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், எதிரே ஆஸ்பத்திரியைப் பார்த்தார். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்குப் பருத்திக்கொட்டை நிறுக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து பிலோமியின் முன்னால் நீட்டினேன்.

"அக்கா வரலியா?" என்றாள்.

"நான் வாங்குகேன்."

"அப்பன்மாரு வாங்குகது உண்டா?" அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பிக்கும் தெரியவில்லை. பிறகு அவளே ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். "செரிதான். உள்ள எல்லாப் பட்டையிலயும் அம்மமாரு பேருதான் இருக்கு. ஒங்களை அதுக்குத் தெரியாது." தவிட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எடுத்துக்கிடுங்க. இனி அவ ஒங்களுக்க பிள்ளை. எனக்கு ஒண்ணும் இல்ல."

"உள்ள வந்து ஒருக்கப் பாத்துட்டுப் போ பிலோமி. சிஸ்டர்ட்ட நான் சொல்லுகேன்."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வேண்டாம்ணே. எனக்குப் பொறத்தால எது வருதோ," என்றாள். சுவரோரமாகவே நடந்து படியிறங்கிப் போனாள். பார்க்க ஆசை இல்லாத முதுகு இல்லை அது.

நான் கதவைத் தட்டினேன். ஷைனி சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்றேன். "வாங்க," என்றார், அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர்போல.

சட்டையைக் கழற்றச் சொல்லி, கை முழங்கை வரை கழுவச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். மூக்குக் குழாயும் வயர்களுமாகப் பிள்ளையைத் தூக்கி என் நெஞ்சில் வைத்தார். கனமே இல்லை. போன தடவை என் கையில் கொடுத்தவளுக்கும் இதே கனம்தான் இருந்தது. ஆனால் அவள் குளிர்ந்திருந்தாள். இவள் சூடாக இருந்தாள். சின்னச் சூடு, ஆனாலும் சூடு. எனக்கு அழுகை வந்தது. நெஞ்சு குலுங்கினால் பிள்ளை குலுங்குமே என்று அதையும் அடக்கிக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் மிஷின் கத்தியது. என் நெஞ்சின் மேலிருந்த அசைவு நின்றுவிட்டது. சிஸ்டரைப் பார்த்தேன். அவர் இரண்டடி தள்ளி நின்றார், வரவில்லை.

"நீங்க தான். முதுகில தேயுங்க."

தோல் உரிந்த விரலால் அந்த முதுகைத் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி தேய்த்தேன். சிஸ்டர் ஓரடி முன்னால் வைத்தார். அப்போது அவள் உடம்பு முழுக்க ஒரு துள்ளல் துள்ளி, மூச்சை இழுத்தாள். ஒரு தும்மல்கூடப் போட்டாள் என்று நினைக்கிறேன். மிஷின் வாயை மூடிக்கொண்டது.

அதன்பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மத்தியானம் வரை அப்படியே இருந்தேன். இன்றும் காலையிலிருந்து உட்கார்ந்தேன். நேற்றிலிருந்து ஒரு முறைதான் மறந்திருக்கிறாள். புது மருந்து கேட்கிறது போலிருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. இந்தப் 'பார்ப்போம்' நேற்று முன்தினம் சொன்னது மாதிரி இல்லை.

இன்று பகவதிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சக்கர நாற்காலியில் கண்ணாடிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தையல் இடம் ஆறாததால் உள்ளே வர இன்னும் அனுமதி இல்லை. சிஸ்டர் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். பகவதி என்னைப் பார்த்தாள், என் நெஞ்சில் துணிக்குள் இருந்த தலையைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துச் சுவரில் வைத்தாள்.

"யாருக்க பிள்ளைன்னு நான் கேக்கல," என்றாள். "அதுக்கு மூச்சு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்க பிள்ளை அரிக்கு மூச்சு நல்லா இருக்கு," என்றேன்.

முணுமுணுக்கவில்லை. வராந்தா வரை கேட்கும்படிதான் சொன்னேன். பகவதி கேட்டாள், சிஸ்டர் கேட்டார், பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டார்கள். கேட்கக் கூடாதவன் எவனாவது அங்கே நின்றிருந்தால் அவனும் கேட்டுக்கொள்ளட்டும்.